இடம் இருக்கிறது, ஏட்டில் பக்கம் இல்லை

2012-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மும்பையில் விடாத மழை. செம்பூரில் நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஞாயிறு காலை ஒரு போன் வந்தது. தாராவியிலிருந்து பேசிய இளைஞரின் குரலில் பதற்றம்.

“அண்ணே, டிஸ்க்கு நெறஞ்சு போச்சுன்னு சொல்லுது. ஆனா முன்னூறு ஜிபிக்கு மேல காலியா கெடக்குன்னும் அதுவே சொல்லுது. எதை நம்புறது?”

நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் எனக்கு அன்று மாலையே கிடைத்துவிட்டது. சரியான பதில் தெரிந்த பிறகும் ஒரு பெரிய இழப்பைத் தடுக்க முடியாமல் போனது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரப் பக்கம்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து தலைமுறைகளாக வாழும் மக்களிடம் புழங்கும் சொற்களைச் சீட்டுகளில் எழுதி வைப்பது அவர் வழக்கம். முடுக்கு, வளவு, அங்கணக்குழி என்று ஊரில் சொல்லும் சொல் மும்பைச் சந்தில் எந்தப் பொருளில் வாழ்கிறது, யார் சொன்னார், எந்தத் தெருவில் கேட்டது என்று ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. நாளுக்கு ஆறேழு சீட்டு வீதம் 35 ஆண்டுகள். எண்பதாயிரத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டது. சீட்டுகளைத் தவிர 12 பெரிய நோட்டுகளும் இருந்தன. அவற்றில் அந்தப் பகுதிப் பெண்கள் பாடிய தாலாட்டுகளும் ஒப்பாரிகளும்.

இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை 2010-ல் தொடங்கியது. சாரின் பழைய மாணவர்கள் இருவர், மாலை நேரங்களில். முதலில் நோட்டுகளை முடித்தார்கள். சுமார் 1,100 பக்கங்கள், பக்கத்துக்கு 25 எம்பி, மிகத் தெளிவான ஸ்கேன். பிறகு சீட்டுகள். ஒரு சீட்டுக்கு முன்பக்கப் படம், பின்பக்கப் படம், அவை இரண்டுக்கும் சிறு படங்கள், தட்டச்சு செய்த வடிவம், அதற்கு ஒரு நகல் என்று மொத்தம் ஆறு ஃபைல்கள். சேமிக்க ஒரு 500 ஜிபி டிஸ்க். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் தான் வைத்திருந்ததை அன்பளிப்பாகக் கொடுத்தது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் பூட்டி அப்படியே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

79 ஆயிரம் சீட்டுகளைத் தாண்டியபோது கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. ‘சாதனத்தில் இடம் மிச்சமில்லை’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி.

எனக்குத் தமிழில்தான் பட்டம். கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்து கற்றது. எனவே நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். பெரிய கம்ப்யூட்டர் மையம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கிடங்கில் இடம் இருக்கிறது. பேரேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது” என்றார்.

டிஸ்க் என்பது ஒரு கிடங்கு. அதில் போடும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. ஃபைல் யாருடையது, எவ்வளவு பெரியது, எப்போது எழுதப்பட்டது, கிடங்கில் எந்தெந்த மூலையில் கிடக்கிறது என்ற விவரங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கும். இதுதான் ஃபைலின் ஹெடர். யூனிக்ஸ் குடும்பத்தில் இதற்கு ஐநோட் என்று பெயர். அந்த ‘ஐ’ எதைக் குறிக்கிறது என்று கேட்டபோது, யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே ‘இண்டெக்ஸ்’ ஆக இருக்கலாம் என்று ஊகம்தான் சொன்னார். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஹெடர் இல்லாமல் ஃபைல் இல்லை. ஒரு மூட்டை நெல்லானாலும் ஒரு குண்டுமணியானாலும் பேரேட்டில் ஒரு பக்கம் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். பல அமைப்புகளில் பேரேட்டுக்கு எத்தனை பக்கங்கள் என்பதை டிஸ்க்கை முதன்முதலில் தயார் செய்யும் அன்றே முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது.

இது புதிய சங்கதி அல்ல. பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பியை நினைவிருக்கிறதா? அதன் முதல் அடுக்கில் 224 பெயர்களுக்குத்தான் இடம். அரைப் பக்கக் கடிதங்களாக 224 போட்டுவிட்டால், ஃப்ளாப்பியில் பெரும்பகுதி காலியாக இருந்தாலும் 225-வது கடிதம் ஏறாது. உள்ளே ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் எழுதினால்தான் வழி. 1995-ல் வந்த விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தது. ஆனால் பெயரில் 13 எழுத்துகளுக்கு ஒரு வரி வீதம் அது கூடுதலாக எடுத்துக்கொண்டது. ஆசையாக நீளப் பெயர் வைத்தவர்களுக்கு ஏடு இன்னும் சீக்கிரம் தீர்ந்தது.

நண்பர் வளர்ந்தது விஎம்எஸ் உலகில். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1977-ல் கொண்டுவந்த வாக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கான இயக்க அமைப்பு அது. 1985-ல் புதுதில்லியில் தொடங்கிய ரயில் முன்பதிவுக் கம்ப்யூட்டர்கள் வாக்ஸ் வகைதான். பின்னர் நாடு முழுவதும் பரவிய முன்பதிவு வலையும் பல ஆண்டுகள் விஎம்எஸ் மீதே ஓடியது. கவுன்ட்டரில் நின்று டிக்கெட் வாங்கிய நாம் எல்லோரும் அறியாமலே அதைத் தொட்டவர்கள்தான்.

விஎம்எஸ்ஸில் பேரேடு என்பது ஒளிவுமறைவான ஏற்பாடு அல்ல. அதுவே ஒரு ஃபைல். ‘இண்டெக்ஸ்எஃப்’ என்று பெயர். அதில் ஒவ்வொரு ஹெடரும் 512 பைட். ஒரு ஃபைல் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தால் துண்டுகளின் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்காது; இரண்டாவது, மூன்றாவது ஹெடர் தேவைப்படும். ஆகவே ஃபைல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, செலவான ஹெடர்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மற்ற ஃபைல்கள் சிதறலாம். பேரேட்டு ஃபைல் அளவுக்கு மேல் சிதறக் கூடாது. அதன் துண்டுகளின் பட்டியல் அதன் ஒரே ஹெடருக்குள் அடங்கியாக வேண்டும். அடங்காவிட்டால், அனுமதித்த எண்ணிக்கை மீதமிருந்தாலும் பேரேடு அதற்கு மேல் வளராது.

“காலையில் வந்ததும் டீக்கு முன்னால் இந்தக் கணக்குதான்” என்றார் நண்பர். “எத்தனை ஹெடருக்கு அனுமதி என்று மிஷின் சொல்லிவிடும். எத்தனை செலவாயிற்று என்பதை எண்ண நாங்களே ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தோம். நேற்றைய எண், இன்றைய எண், வித்தியாசம். மூன்றையும் நோட்டில் எழுதுவோம். வித்தியாசம் திடீரென்று கூடினால் யாரோ எங்கேயோ குப்பை கொட்டுகிறார் என்று அர்த்தம்.”

விஎம்எஸ்ஸிடம் ஒரு நேர்மை இருந்தது. பேரேடு தீர்ந்தால் ‘இண்டெக்ஸ் ஃபைல் நிறைந்துவிட்டது’ என்றே சொல்லும். யூனிக்ஸும் லினக்ஸும் அப்படி அல்ல. கிடங்கு நிறைந்தாலும் பேரேடு நிறைந்தாலும் அவை சொல்வது ஒரே வாக்கியம்: இடம் மிச்சமில்லை. லினக்ஸில் இரண்டுக்கும் பிழை எண்ணும் ஒன்றே, 28. இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே அறிகுறி. மருந்து மாறிப் போவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எந்தத் தட்டுப்பாடு என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டிஸ்க் நிலவரம் கேட்க லினக்ஸில் ‘டிஎஃப்’ என்ற இரண்டெழுத்துக் கட்டளை. அது கிடங்கின் கணக்கைச் சொல்லும். அதே கட்டளையோடு இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறியும் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் சேர்த்தால் பேரேட்டின் கணக்கைச் சொல்லும். அன்று மாலை தாராவியில் உட்கார்ந்து நான் தட்டியது அதைத்தான். கிடங்கில் ஐந்தில் இரண்டு பங்குகூட நிறையவில்லை. பேரேடு நூற்றுக்கு நூறு.

காரணமும் தெரிந்தது. லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 அமைப்பு தானாக விட்டால் 16 கேபி இடத்துக்கு ஒரு ஹெடர் வீதம் அமைக்கும். 500 ஜிபி டிஸ்க்கில் அது 3 கோடிக்கு மேல் வரும். ஒவ்வொன்றும் 256 பைட் என்பதால் இந்தப் பேரேட்டுக்கே சுமார் 8 ஜிபி போய்விடும். வீடியோக்காரருக்கு இத்தனை பக்கங்கள் எதற்கு? அவரிடம் இருப்பவை சில நூறு பெரிய ஃபைல்கள். அவருக்காக அந்த டிஸ்க்கைத் தயார் செய்தவர் 1 எம்பிக்கு ஒரு ஹெடர் என்று வைத்திருக்கிறார். கிடைத்தவை சுமார் 4,76,000. கல்யாண வீடியோவுக்கு அது தலைமுறைக்கும் போதும். ஒரு சொல்லுக்கு ஆறு ஃபைல் எழுதும் அகராதிக்காரருக்கு இரண்டு ஆண்டுதான் வந்தது.

டிஸ்க்கைத் தயார் செய்தவர் மேல் குற்றமில்லை. டிஸ்க்கை வாங்கிய நாங்கள், இது யாருக்காகத் தைத்த சட்டை என்று கேட்கவில்லை. 1990-களில் இன்டர்நெட் செய்திக் குழுக்களை நடத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு கடிதமும் ஒரு குட்டி ஃபைல். லினக்ஸில் டிஸ்க்கைத் தயார் செய்யும் கட்டளையில் ‘நியூஸ்’ என்றே ஒரு வகை உண்டு. அதைச் சொன்னால் 4 கேபிக்கு ஒரு ஹெடர் வரும்.

மாற்று வழி ஒன்றுதான்: எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, பழையதைப் புதிதாகத் தயார் செய்து, திரும்ப ஏற்றுவது. ஒரு டிஸ்க்கை இரவல் வாங்கி வந்து இரவெல்லாம் உட்கார்ந்து செய்து முடித்தேன். விடிந்தபோது பேரேட்டில் 3 கோடிப் பக்கங்கள். நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபைல்கள் பத்திரமாக வந்து உட்கார்ந்திருந்தன. தமிழ் படித்தவனுக்கும் இதெல்லாம் வரும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சார் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். “தம்பி, அந்த ஒப்பாரி நோட்டை ஒரு தடவை காட்டுங்க. கண்ணாடி போட்டுப் பாத்து ரொம்ப நாளாச்சு” என்றார்.

நோட்டுகளின் ஃபோல்டர் காலியாக இருந்தது.

நடந்தது இதுதான். எனக்குப் போன் வருவதற்கு ஐந்து நாட்கள் முன்பே ‘இடம் இல்லை’ என்ற செய்தி வந்துவிட்டது. இடம் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் என்ன செய்வார்களோ, அதையே அந்த இளைஞரும் செய்தார். இருப்பதில் எது பெரியது என்று பார்த்தார். நோட்டு ஸ்கேன்கள்தான் பெரியவை. மொத்தம் 27 ஜிபி. நோட்டுகள்தான் சாரிடம் இருக்கின்றனவே, தேவையானால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து அழித்துவிட்டார். அழித்ததும் வேலை நடந்தது. அதுதான் வினை. 1,100 ஃபைல்கள் போனதால் பேரேட்டில் 1,100 பக்கங்கள் காலியாயின. சீட்டுக்கு ஆறு வீதம் 180 சீட்டுகள் ஏறின. ஒன்றரை நாள் வேலை. தன் வைத்தியம் பலித்தது என்றே அவர் நம்பினார். பிறகு மறுபடியும் அதே செய்தி. அதன் பிறகுதான் எனக்குப் போன்.

நோட்டுகள் சாரிடம் இல்லை என்பது அந்த இளைஞருக்குத் தெரியாது. முந்தைய ஆண்டு மழையில் கூரை ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் அவை கூழாகிப் போயிருந்தன. ஸ்கேன் இருக்கிறதே என்ற தைரியத்தில் சார் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஓர் உண்மையை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபைலை அழிப்பது என்றால் பேரேட்டில் அந்தப் பக்கத்தை அடிப்பதுதான். கிடங்கில் உள்ள சரக்கு அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். அழித்த பிறகு அந்த டிஸ்க்கில் எழுதப்பட்டவை 180 சீட்டுகள் மட்டுமே, அதாவது நானூறு எம்பி அளவுகூட இல்லை. அன்று மாலையே டிஸ்க்கைத் தொடாமல் வைத்திருந்தால், அதற்கென்று உள்ள புரோகிராம்களைக் கொண்டு அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவற்றை மீட்டிருக்கலாம். அதைப் புதிதாகத் தயார் செய்து, மேலே நூற்றைம்பது ஜிபிக்கு மேல் எழுதியது நான். இளைஞர் அழித்தார், நான் புதைத்தேன். “இந்தச் செய்தி வந்த பிறகு எதையாவது அழித்தாயா தம்பி?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த களிப்பில் நோயாளி ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்க மறந்த வைத்தியன் நான்.

சாரின் உறவினர் ஒருவரிடம் டிவிடியில் ஏழு நோட்டுகளின் நகல் இருந்தது. ஐந்து நோட்டுகள் போனது போனதுதான். அவற்றில் இரண்டு முழுக்க ஒப்பாரி. பாடிய பெண்களில் பலர் அப்போதே உயிரோடு இல்லை.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 1993-ல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ் அமைப்பில் பேரேடு தேவைக்கேற்ப வளரும். லினக்ஸிலும் எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்றவை முன்கூட்டியே பக்கங்களை எண்ணி வைப்பதில்லை. ஆனால் எக்ஸ்ட்4 இன்றும் ஏராளமான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. வாடகைக்கு இடம் வாங்கி வெப்சைட் நடத்துகிறவர்களுக்கு ஜிபி கணக்கோடு ஃபைல் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு இருப்பது சாதாரணம். விளம்பரத்தில் ஜிபி கொட்டை எழுத்தில் இருக்கும். மற்றதை ஒப்பந்தத்தில் தேட வேண்டும். தவிர, குட்டி ஃபைல்களை நாம் மட்டும் எழுதுவதில்லை. சிறு படங்கள், தற்காலிகக் குறிப்புகள், வந்து குவியும் மின்னஞ்சல்கள் என்று புரோகிராம்கள் நமக்குச் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருக்கின்றன. இடத்தைத் தின்பது பெரிய ஃபைல். ஏட்டைத் தின்பது சின்ன ஃபைல். முன்னது கண்ணில் படும். பின்னதை எண்ணினால்தான் தெரியும்.

ஆகவே, ஆவணங்களைச் சேர்க்கும் நூலகமோ, சங்கமோ, குடும்பமோ, யாராக இருந்தாலும் என் அனுபவத்தில் சொல்லக்கூடியவை நான்கு. டிஸ்க்கைத் தொடங்கும் அன்று, எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை ஃபைல் வரும் என்றும் கணக்குப் போடுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு எண்களையும் நோட்டில் எழுதுங்கள். ஹெடர் செலவு 80 சதவீதத்தைத் தொட்டால் அப்போதே புது டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்யுங்கள். அல்லது பழைய குட்டி ஃபைல்களை ஒரே கட்டாகச் சேர்த்துவிடுங்கள். ‘இடம் இல்லை’ என்று வந்தால், எந்த இடம் என்று தெரியும் வரை எதையும் அழிக்காதீர்கள். அழித்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். பழுது பார்க்க வருகிறவர் முதலில் அதைக் கேட்கட்டும்.

சார் அந்த இளைஞரைத் திட்டவில்லை. என்னையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கடையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வரச் சொன்னார். நினைவில் இருந்த ஒப்பாரிகளை எழுதத் தொடங்கினார். முக்கால் நோட்டு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

சீட்டுகள் எல்லாம் ஏறி முடிந்தன. மொத்தம் 83 ஆயிரம், ஃபைல்கள் ஐந்து லட்சத்தை ஒட்டி. டிஸ்க்குகள் மாறிவிட்டன, நகல்கள் மூன்று ஊர்களில் இருக்கின்றன. என்னிடம் உள்ள நகலில் பேரேட்டின் செலவு 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இனி அது நிறையப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திங்கட்கிழமை காலையில் இரண்டு எண்களையும் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் மறுவேலை.